தரையில் ஒரு கண்ணாடி, சேஸில் இரண்டு

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையிலேயே வெயில். தகரக் கூரைக்கு அடியில் நிற்க முடியவில்லை. இன்றைய வேலை: டாக்டர் காரின் பாடியை அடிச்சட்டமான சேஸிலிருந்து பிரித்துத் தூக்குவது.

தூக்கியாயிற்று. யாருக்கும் அடி இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

பழைய சேஸைச் சுத்தியலால் தட்டினேன். தட்டிய இடம் உள்ளே போய்விட்டது. இரும்பு என்று பேர், மிச்சமிருப்பது துருப்பொடி. போன வருஷம் வரைக்கும் இதன் மேல்தான் புத்தர் சிலையையும் எட்டுக் குழந்தைகளையும் ஏற்றி ஊர்வலம் போயிருக்கிறோம். 

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் மைன்ஸ் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் துரை வைத்திருந்த கார். கூரை இல்லாத நீளமான இங்கிலீஷ் வண்டி. மூக்கில் இருந்த பேர்த் தகடு எப்போதோ போய்விட்டது. ஏலத்தில் எங்கள் புத்த விகார் சங்கத்துக்கு வந்ததிலிருந்து, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் முழுக்க அதற்கு டாக்டர் கார் என்றுதான் பேர். வைகாசிப் பௌர்ணமி அன்று வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வெளியே வரும். ஓட்டுவது என் அண்ணன். மற்ற நாளெல்லாம் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர், அந்த ஒரு நாளைக்கு மட்டும் சட்டைக்குக் கஞ்சி போடச் சொல்வார்.

போன வருஷக் கூட்டத்தில் செயலாளர் தம்மராஜ், "இனிமே டெம்போ வெச்சிக்கலாம்பா, கார் தாங்காது" என்றார். அண்ணன் எழுந்துவிட்டார். "மாட்டுத் தீவனம் ஏத்துற வண்டில புத்தர ஏத்துவீங்களா? கார் வரும். நான் ஓட்டினு வரேன். இது என் வார்த்தை." அந்த வார்த்தைதான் இன்று என் ஷெட்டில் செயின் பிளாக்கில் தொங்குகிறது.

புதுச் சேஸ்: சின்ன லாரி ஒன்றினுடையது. எஞ்சின், கியர் பாக்ஸ், ஸ்டியரிங் எல்லாம் அதோடு. பேத்தமங்களா பக்கம் வண்டி உடைக்கிறவர் ஒருவரிடம் அண்ணனே பார்த்து எடுத்தது. "ஆக்சிடெண்ட் வண்டிதான்டா. ஆனா கேபின் மட்டும்தான் அடி. சேஸ் நேரா கீது. நானே நூல் புடிச்சு பாத்தேன்." கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. எனக்கு அந்தப் பளபளப்பு பிடிக்கவில்லை. யசோதாவைக் கேட்டால், பெண் பார்க்க வந்தபோது அவளையும்தான் பிடிக்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன் என்பாள்.

பாடிக்கு முட்டுக் கொடுத்தது டிம்பர் ரத்தினம். பக்கத்து வீடு. சுரங்கத்துக்குள் கூரைக்கு மரம் நிறுத்தியவர். கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி நான்கு தூண். தூண் என்னவோ நன்றாகத்தான் நிற்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து அவர் போட்ட சத்தத்தில் ஒரு ஷிஃப்ட்டே நடத்தியிருக்கலாம்.

ஏப்ரல் 14, திங்கள்

ஜெயந்தி விடுமுறை. காலையில் சிலைக்கு மாலை, நீலக் கொடி, மைக் செட். மித்ரா மேடையில் ஏறி ஐந்து சீலத்தையும் தப்பில்லாமல் சொன்னாள். ஒன்பது வயதுக்கு என்ன குரல். என் மகள் என்று பக்கத்தில் நின்ற ஆளிடம் சொல்லியும் விட்டேன். அவர் என் சித்தி மகன். அவருக்குத் தெரியாதா?

மதியத்துக்கு மேல் வேலை. புதுச் சேஸை அடியில் உருட்டிவிட்டு, பாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, எங்கே உட்காருகிறது என்று சாக்பீஸால் குறித்தேன். எட்டு பிராக்கெட் புதிதாக வெட்டிப் பற்றவைக்க வேண்டும். பெங்களூரில் பஸ் பாடி கட்டுகிற எனக்கு அது பெரிய வேலை இல்லை.

வாங்க: ரப்பர் புஷ், போல்ட், வெல்டிங் ராடு, மித்ராவுக்கு வெள்ளை ரிப்பன்.

சேஸ் மாற்ற அனுமதி கேட்டுக் கோலார் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு மனு எழுதுவது தம்மராஜ் பொறுப்பு. அனுமதி வருகிறவரை ரோட்டில் ஓட்டக் கூடாது, லைனுக்குள்தான் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். ஊர்வலமே லைனுக்குள்தான் என்று அவர் மூன்று தடவை சொன்னார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பாடி உட்கார்ந்துவிட்டது! நான்கு கதவும் மூடுகின்றன. சாத்தினால் 'டக்'. அந்தச் சத்தத்துக்காகவே வலது பின் கதவைப் பத்துத் தடவை திறந்து மூடினேன். யசோதா எட்டிப் பார்த்து, "வீட்டுக் கதவ ஒரு வருசமா சொல்லினு கீறேன், அது இழுக்கறது உங்க காதுல விழல" என்றாள்.

அண்ணன் ஸ்டார்ட் செய்து முற்றத்தில் முன்னும் பின்னும் ஓட்டினார். இறங்கி வந்து என் தோளைத் தட்டினார். அவர் தட்டினால் அதுவே பெரிசு.

சந்தோஷம். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 23, புதன்

காலை ரயிலில் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர். ஒருத்தி, "ஸ்வல்ப தள்ளிக்கோ அண்ணா, ஒரு கால் வெச்சிக்கறேன்." ஒரு காலோடுதான் பெங்களூர் வரை வந்தாள், பாவம்.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். வலது பின் கதவு 'டக்' என்று மூடவில்லை. மேல் முனையில் இடைவெளி. ஹாக்ஸா பிளேடு உள்ளே போகிறது. ஞாயிறு அன்று போகவில்லை, நான் விட்டுப் பார்த்தேன். நேற்று அண்ணன் வந்து இரண்டு சுற்று ஓட்டிவிட்டுப் போனாராம்.

பிராக்கெட்டின் போல்ட்டை இறுக்கினேன். இடைவெளி குறையவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

காற்றே இல்லை. இடைவெளியில் இப்போது தீக்குச்சி போகிறது.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பேசும் முன்னாலேயே டிம்பர் ரத்தினம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பூமி எறங்குது."

வலது பின் சக்கரம் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் தரையில் ஒரு விரிசல் உண்டு. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோதே இருந்தது. அதைக் காலால் தேய்த்துக் காட்டினார். "கீழ மூடிப்போன சொரங்கத்துல அத்தினி லெவலும் தண்ணி ரொம்பிக் கெடக்குது. தண்ணி சும்மா இருக்குமா? சக்கரம் எறங்குது, பாடி முறுக்குது, கதவு வாயத் தொறக்குது. இதுக்கு இன்னா பெரிய ஆராச்சி."

அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி. "அதானே பாத்தேன்" என்றார்.

நானும் நம்பினேன். இந்த ஊரில் நம்பாமல் இருப்பதுதான் கஷ்டம். சுவர் வெடித்தால் பூமி, கதவு இழுத்தால் பூமி, கிணறு வற்றினால் பூமி. சின்ன வயதில் சுரங்கத்துக்குள் பாறை வெடிக்கும் ஏர் பிளாஸ்ட் வந்து தரை குலுங்கியதும் பாத்திரமெல்லாம் உருள, எல்லாரும் தெருவுக்கு ஓடி நிற்போம். அப்புறம் மைன்ஸிலிருந்து ஆள் வந்து, சுவர் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டுப் போவார். கண்ணாடி உடைந்தால் வீடு இன்னும் நகர்கிறது, உடையாவிட்டால் நின்றுவிட்டது. எங்கள் சமையலறைச் சுவரில் அப்படி ஒன்று இன்னும் இருக்கிறது. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தும் தெரிகிறது.

வலது பின் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து உயர்த்தினோம். கதவு மூடிற்று. 'டக்' இல்லை, 'தொப்'. ஆனாலும் மூடிற்று.

மே 1, வியாழன்

விடுமுறை. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

பாரம் ஏற்றிப் பார்க்கலாம் என்று அண்ணன் சைனைட் மேட்டிலிருந்து சுரங்கக் கழிவு மணலைச் சாக்கில் கட்டி வேனில் கொண்டுவந்தார். எட்டுக் குழந்தைக்கு எட்டு மூட்டை, சிலைக்கு இரண்டு. யசோதாவுக்குக் கோபம். "அந்த மண்ண தொட்டுட்டு எவனாவது கை கழுவாம சோத்துல கை வெச்சீங்க, பாத்துக்கங்க."

மித்ராவும் அவள் கூட்டாளிகளும் சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு மூட்டையிலும் பேர் எழுதினார்கள். மித்ரா என்று எழுதின மூட்டை வலது பின் கதவு ஓரம். அந்த இடத்தை அவள்தான் முதலில் கேட்டாளாம். சண்டை போட்டு வாங்கியிருக்கிறாள். மூட்டைகளுக்குக் கை காட்டி டாட்டா சொன்னார்கள். அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டு மைதானத்தை மூன்று சுற்று ஓட்டினார்.

ஷெட்டுக்கு வந்ததும் எல்லாரும் கலைந்தார்கள். நான் மட்டும் கதவுக்குப் போனேன். தீக்குச்சி இல்லை, இப்போது பென்சில் போகிறது. மித்ராவின் பென்சில்தான், கீழே கிடந்தது.

பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் வாஷர் கொடுத்துச் சரி செய்தேன். வாஷர் கொடுக்கும்போதே கை சொல்கிறது, இது சரி செய்வது இல்லை, மூடி மறைப்பது என்று.

மே 4, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வந்தது. லைன் முழுக்கக் குடம் உருளும் சத்தம். யசோதா ஷெட் மூலையில் இருக்கும் பெரிய அண்டாவை ரொப்பிக்கொண்டிருந்தாள். தரை விரிசலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் அந்த அண்டா நிற்கிறது. நான் காருக்கு அடியில் படுத்து இன்னொரு வாஷர் நுழைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, இங்க வந்து பாருங்க."

"வேலையா இருக்கேன்."

"உங்க வேலையத்தான் சொல்றேன். எந்திரிங்க."

அண்டாவில் தண்ணீர் விளிம்பு வரை. சுற்றிலும் ஒரே மாதிரி.

"பூமி எறங்குதுன்னு ஒரு வாரமா ஊரே சொல்லினு கீது. எறங்குனா தண்ணி ஒரு பக்கமா வழியாதா? பங்குனிலேருந்து இந்த அண்டா இங்கதான் கீது. எப்ப ரொப்புனாலும் இதே மாதிரிதான் நிக்குது."

விரலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சுற்று முழுக்கத் தொட்டேன். எல்லா இடத்திலும் விரல் நனைந்தது.

தரை இறங்கவில்லை என்றால் வேறு ஏதோ இறங்குகிறது.

மே 6, செவ்வாய்

ரயில் லேட். வந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் அடியில் போனேன்.

சேஸின் வலது பக்க நீளச் சட்டம். பின் கதவுக்கு நேர் கீழே கறுப்புப் பெயிண்ட் மற்ற இடத்தைவிடத் தடிமன். பிளேடு வைத்துச் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் பள்ளம் நிரப்பும் பட்டி. பட்டி! சேஸில் யார் பட்டி போடுவார்கள்? அதையும் சுரண்டினேன். உள்பக்கம் ஒரு தகடு வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒட்டின் ஓரமாகக் கீழிருந்து மேலே கோடு. நகம் மாட்டுகிறது.

வளைந்த சட்டத்தைச் சூடு காட்டி நிமிர்த்தி, ஒட்டி, பட்டி வைத்து, பளபளவென்று அடித்து விற்றிருக்கிறான். என் பிராக்கெட் எதுவும் அந்த இடத்தில் விழவில்லை. விழுந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மறுபடி வெல்டிங் வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கலாம். பக்கத்திலேயே இன்னொரு மயிரிழைக் கோடு ஆரம்பித்திருக்கிறது. சூடு பட்டுச் செத்த இரும்பு. ஒன்றை மூடினால் அடுத்தது திறக்கும். சட்டத்தையே மாற்ற வேண்டும். பௌர்ணமி திங்கள்கிழமை.

லைனிலிருந்து விகாருக்குப் போகும் வழியில் ஒரு பெரிய இறக்கம் இருக்கிறது. முன்னால் பேண்ட் செட், அதற்கு முன்னால் பெண்கள் விளக்கோடு. பின்னால் கார். காரில் எட்டுக் குழந்தைகள்.



மே 7, புதன்

அண்ணனிடம் சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணா, சேஸ்ல கிராக் கீது, பட்டி வெச்சு மூடி கீறான். வாங்க காட்றேன்."

"பட்டி எல்லா வண்டிலயும்தான்டா இருக்கும்."

"சேஸ்ல இருக்காது அண்ணா."

"நீ பஸ் பாடி கட்றவன். மேல பாத்தே பழக்கம். அடில இன்னா நடக்குதுன்னு எனக்கு தெரியும். முப்பது வருசம் ஸ்டியரிங் புடிச்சவன்."

"வந்து ஒரு தடவ பாருங்கன்னுதான் சொல்றேன்."

"பூமி எறங்குது. ரத்தினம் பெரியப்பா சொல்லிட்டாரு. அவரு அம்பது வருசம் பாத்தவரு."

"பூமி எறங்கல. அண்டாத் தண்ணி..."

"இன்னாது?"

அண்டா என்ற வார்த்தையைச் சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை. "எல்லார் முன்னாடியும் நான் சொன்ன வார்த்தைடா அது" என்றார் மெதுவாக. அப்புறம் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடியில் குனிந்து பார்க்கவே இல்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பயம். எனக்கு அவர் மேல் கோபம், அதைவிட அதிகம் பரிதாபம்.

மே 8, வியாழன்

யசோதாவிடம் சொன்னேன்: மித்ராவை அந்தக் காரில் ஏற்ற வேண்டாம். ஜுரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவள் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "நம்ம புள்ளைக்கு ஜுரம். மத்த ஏழு புள்ளைங்களுக்கு?"



பட்டறையில் ஃபோர்மன் இரண்டு தடவை திட்டினார். ஒரு கதவை இடம் வலம் மாற்றிப் பொருத்திவிட்டேன்.

ரயிலில் வரும்போது ஒரு எண்ணம்: புரோப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டால் வண்டி நகராது. அண்ணனுக்கு உடனே தெரிந்துவிடும், யார் வேலை என்று. அப்புறம் அவர் என் வீட்டுப் படி ஏற மாட்டார். ஏறாவிட்டால் போகட்டும் என்றும் தோன்றியது. அந்தத் துணிச்சல் வீடு வரைக்கும் நிற்கவில்லை.

மே 9, வெள்ளி

அரை நாள் லீவு. சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. சுவரில் அந்தக் கண்ணாடி.

பழைய போட்டோ ஃபிரேமின் கண்ணாடியை நீளப் பட்டைகளாக அறுத்தேன். தரை விரிசலின் குறுக்கே ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டினேன். சேஸில் கிராக்கின் குறுக்கே இன்னொன்று, இரண்டு டியூப் கலந்து ஒட்டும் பசையால். அப்புறம் அண்ணனுக்குப் போன். "சண்டைக்கு இல்ல. வந்துட்டுப் போங்க."

வந்தார். விளக்கவே வேண்டியிருக்கவில்லை. தரையில் இருந்த கண்ணாடியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர் வீட்டுச் சுவரிலும் ஒன்று இருக்கிறது.

"பூமின்னா இது ஒடையட்டும். சேஸ்னா அது ஒடையட்டும். நான் இனிமே வாயத் தொறக்கல" என்றேன்.

அண்ணன், "வண்டி குலுங்குனாலே கண்ணாடி ஒடையும்டா. இது நியாயம் இல்ல" என்றார். நானும் அதை யோசிக்காமல் இல்லை. அதற்குள் அவரே, "லெஃப்ட் சைடு சட்டத்துலயும் அதே எடத்துல ஒண்ணு ஒட்டு. குலுங்கி ஒடஞ்சா ரெண்டும் ஒடையணும்" என்றார்.

ஒட்டினேன். அவர் டார்ச் பிடித்தார். நின்றபடியேதான் பிடித்தார், குனியவில்லை.  

மே 11, ஞாயிறு

மேகம். மழை வரவில்லை. வந்திருந்தால் தள்ளிப் போட்டிருக்கலாம்.

பத்து மூட்டையும் ஏற்றினோம். தம்மராஜும் ரத்தினமும் வந்திருந்தார்கள். குழந்தைகளை யசோதா வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அண்ணன் பக்கத்து சீட்டில் ஏறினேன்.

"எறங்குடா."

"நானும் வரேன்."

"உனக்கு சின்னப் புள்ள கீது. என் புள்ளைங்க பெருசாயிட்டாங்க. எறங்கு."

அப்போதுதான் தெரிந்தது, அவரும் நம்ப ஆரம்பித்துவிட்டார். இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது.

கார் இறக்கத்தில் போவதை மேலே நின்று பார்த்தேன். ஃபர்ஸ்ட் கியர். பள்ளத்தில் பின் சக்கரம் விழுந்தபோது வலது பின் கதவு தானே திறந்து, திரும்ப மூடிக்கொண்டது. யாரும் தொடவில்லை. ரத்தினம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கீழே திருப்பி, மேலே ஏறி, ஷெட்டுக்கு வந்தது.

அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். முதலில் தரைக் கண்ணாடியைப் பார்த்தார். முழுசு. அப்புறம் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து அடியில் போனார். இடது பக்கம் முதலில். "முழுசா கீது" என்றார். வலது பக்கம் போனார். கால் இரண்டும் வெளியே தெரிகின்றன, அசையவில்லை. நான் கூப்பிடப் போனபோது வெளியே வந்தார். உள்ளங்கையை விரித்தார். கண்ணாடி இரண்டு துண்டு.

தம்மராஜுக்குக் காட்டினார். ரத்தினம் எட்டிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லவில்லை.

தம்மராஜ்தான் பேசினார். "நோட்டீஸ்ல கார் படம் போட்டாச்சுப்பா. ஆண்டர்சன்பேட்டைலேருந்துகூட ஆள் வராங்க. மெல்லமா போனா ஒரு நாள் தாங்காதா? இப்ப போயிட்டு வந்துச்சில்ல?"

அண்ணன் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? மாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே! மூட்டைகளை இறக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அவர் ஓட்ட வந்தால் முன்னால் படுத்துவிடுவேன் என்று யசோதாவிடம் சொன்னேன். "நானும் வரேன்" என்றாள்.

மே 12, திங்கள், பௌர்ணமி

காலையில் பல் தேய்க்கும் முன் ஷெட். கதவு திறந்திருக்கிறது. பகீர் என்றது.

கார் இருந்தது. முன் சக்கரம் இரண்டும் இல்லை. முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ரத்தினம் மாதிரியே கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சக்கரங்கள் அண்ணன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருப்பதாக அண்ணி சொன்னாள். "யார் கேட்டாலும் குடுக்காதன்னு சொல்லிட்டு போனாரு. இன்னா கூத்துடா இது?"

அவர் எட்டு மணிக்கு டெம்போவோடு வந்தார். கஞ்சி போட்ட சட்டை.

"மாட்டுத் தீவனம் ஏத்துற வண்டியா அண்ணா?" என்றேன். சிரிக்க வைக்கலாம் என்றுதான்.

"ரெண்டு தடவ கழுவிட்டேன்" என்றார்.

வெள்ளைத் துணி கட்டினோம். சிலை ஏறிற்று. குழந்தைகள் ஏறினார்கள். தம்மராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அண்ணன் எல்லார் முன்னாலும், போன வருஷம் எழுந்து நின்ற அதே மாதிரி நின்று, "சேஸ் நான் பாத்து எடுத்தது. மோசம். பூமி மேல பழி போடாதீங்க" என்றார். பேண்ட் செட் ஆரம்பித்தது.

இறக்கம் வந்ததும் வண்டியை நிறுத்தி எட்டுக் குழந்தைகளையும் இறக்கி நடக்கச் சொன்னார். புதுசு மாதிரி இருக்கிற டெம்போ. கீழே போய் மறுபடி ஏற்றிக்கொண்டார். மித்ரா, "ஏன் பெரியப்பா?" என்று கேட்டாளாம். "சும்மா கால் வலிக்கட்டும்னுதான்" என்றாராம்.

பாயசம், அன்னதானம் எல்லாம் முடிந்து லைனுக்குத் திரும்பினால், தெருவில் கூட்டம். எல்லாரும் வீட்டைவிட்டு வெளியே நிற்கிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு. டிம்பர் ரத்தினம் பனியனோடு நடு ரோட்டில். "பிளாஸ்ட்டுப்பா. இத்தினி வருசம் கழிச்சு. நல்லா தரையோட அதிர்ந்துச்சு. எங்க வீட்டு சொம்பு கீழ விழுந்துச்சு."

யசோதா அன்னதானத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தாள். ஷெட் வாசலில் நின்றாள். "பிளாஸ்ட் இல்ல. உள்ள போய் பாருங்க, ரெண்டு பேரும்."

முன்பக்கத்தைத் தூக்கி வைத்ததில், நேற்று இறக்காமல் விட்ட மூட்டைகளின் பாரமெல்லாம் பின்னால் போயிருக்கிறது. சேஸ் பின் கதவுக்குக் கீழே இரண்டாக விட்டுவிட்டது. பாடியின் பின்பாதி தரையில். வலது பின் கதவு பிய்ந்து சுவர் ஓரம் கிடக்கிறது. அண்டாவில் தண்ணீர் அப்படியே. தரைக் கண்ணாடி முழுசு.

ஒரு மூட்டை மட்டும் வெளியே விழுந்து கிழிந்திருந்தது. கதவு ஓரத்து மூட்டை. சாக்பீஸ் எழுத்தில் பாதி தெரிந்தது: 'மித்'.

மித்ரா பின்னாலேயே ஓடி வந்தாள். யசோதா அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போதெல்லாம் அவளைத் தூக்க முடிவதில்லை, ஆனால் தூக்கினாள்.

அண்ணன் கஞ்சி போட்ட சட்டையோடு தரையில் உட்கார்ந்து, சிந்தின மணலை இரண்டு கையாலும் அள்ளி அந்தச் சாக்கில் திரும்பப் போட ஆரம்பித்தார். சாக்கு கிழிந்திருக்கிறது அண்ணா என்றேன். காதில் விழவில்லை. நானும் உட்கார்ந்து கிழிசலைப் பிடித்துக்கொண்டேன்.